ரூபாய்க்கும் பவுண்டுக்கும் நடுவில் நின்ற கூலி

தொலைக்காட்சியில் ‘ரூபாய் மதிப்பு சரிவு’ என்று சிவப்பு எழுத்து ஓடும்போது நம்மில் பலர் சேனலை மாற்றிவிடுகிறோம். அது ஏற்றுமதிக்காரர்கள் விஷயம், பங்குச்சந்தைக்காரர்கள் விஷயம், நமக்கென்ன என்று. நம் வாசிப்பு வட்டத்துக்குப் புதிதாக வந்த ஒரு கல்லூரித் தம்பி இதையே வேறு விதமாகக் கேட்டார்: “அண்ணா, அம்பேத்கர் லண்டன் வரைக்கும் போயி எதுக்கு ரூபாய் பத்திப் படிச்சாரு? சாதியைப் பத்தித்தானே எழுதியிருக்கணும்?” அன்று நாம் சொன்ன பதில் அரைகுறையாக இருந்தது. பட்டங்களின் பட்டியலைச் சொல்லிச் சமாளித்தோம். அந்தக் கடனை அடைக்கத்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் கணக்கு வரும். நான்காம் வகுப்புக் கணக்குதான், பயப்பட வேண்டாம்.

முதலில் பிரிட்டிஷ் காசு. 12 பென்ஸ் ஒரு ஷில்லிங். 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. அதாவது 240 பென்ஸ் ஒரு பவுண்டு. நம் பக்கம், 1835இல் கிழக்கிந்தியக் கம்பெனி கொண்டுவந்த நாணயச் சட்டம் தன் ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே ரூபாயை நிறுவியது. 180 கிரெயின் எடை, அதில் 165 கிரெயின் சுத்த வெள்ளி. யார் வேண்டுமானாலும் வெள்ளியைக் கொண்டுபோய் நாணயச் சாலையில் கொடுத்து, சிறு கட்டணம் செலுத்தி, ரூபாயாக அடித்து வாங்கலாம். ஆகவே ரூபாய் என்பது முத்திரை குத்திய வெள்ளி, அவ்வளவுதான். பிரிட்டனோ தங்கத்தின் மேல் நின்றது. வெள்ளிக்கும் தங்கத்துக்கும் உலகச் சந்தையில் என்ன விலையோ, அதுதான் ரூபாய்க்கும் பவுண்டுக்கும் விலை. 1870களின் தொடக்கம் வரை ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய 2 ஷில்லிங் கிடைத்தது. பவுண்டுக்குப் பத்து ரூபாய்.

அதன் பிறகு வெள்ளி விழத் தொடங்கியது. பிரான்ஸைப் போரில் வென்ற ஜெர்மனி தங்க நாணயத்துக்கு மாறி, கையிலிருந்த வெள்ளியைச் சந்தையில் கொட்டியது. மற்ற ஐரோப்பிய நாடுகளும் வெள்ளி நாணயம் அடிப்பதைக் குறைத்தன. அமெரிக்காவின் நெவாடா சுரங்கங்களிலிருந்து புதிய வெள்ளி வந்து குவிந்தது. வேண்டாத வெள்ளிக்குப் போக்கிடம் இந்தியா. 1892–93இல் ரூபாய் 1 ஷில்லிங் 3 பென்ஸ் அளவுக்கு வந்துவிட்டது. பவுண்டுக்குப் பதினாறு ரூபாய். இருபது ஆண்டுகளில் பத்து பதினாறானது.

இதில் பாடநூல்கள் சொல்லும் இழப்பு ஒன்று உண்டு. இந்திய அரசு ஆண்டுதோறும் லண்டனுக்குப் பவுண்டில் பணம் அனுப்பியாக வேண்டும். ஓய்வுபெற்ற வெள்ளை அதிகாரிகளின் பென்ஷன், ரயில்வே முதலீட்டாளர்களுக்கு உறுதியளித்த வட்டி, இந்தியா ஆபீஸின் சம்பளம், ராணுவச் செலவு. ‘ஹோம் சார்ஜஸ்’ என்று பெயர். 1890களின் தொடக்கத்தில் இது ஆண்டுக்குச் சுமார் 1 கோடியே 60 லட்சம் பவுண்டு. பத்து ரூபாய்க் கணக்கில் 16 கோடி ரூபாய். பதினாறு ரூபாய்க் கணக்கில் 25 கோடிக்கு மேல். ஒரு பவுண்டுகூடக் கூடுதலாக அனுப்பாமலே ஒன்பது கோடி ரூபாய்க்கு மேல் கூடுதல் பாரம். தாதாபாய் நௌரோஜி முதல் ரமேஷ் சந்திர தத் வரை தேசியவாதிகள் எல்லோரும் இந்தச் சுரண்டலைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். சரியாகத்தான் எழுதினார்கள்.

அந்தப் பாரம் எந்தத் தலையில் இறங்கியது என்பதை உப்பில் பார்க்கலாம். 1888இல் உப்பு வரியை மணங்குக்கு 2 ரூபாயிலிருந்து இரண்டரை ரூபாயாக ஏற்றினார்கள். செலாவணி நட்டமும் பர்மாவைப் பிடித்த செலவும்தான் காரணம். அக்காலத்தில் நம் பாட்டன் பூட்டனில் பெரும்பாலோர் படியாட்கள். நெல்லிலும் கேழ்வரகிலும் கூலி வாங்கியவர்கள், ரூபாயைக் கண்ணால் பார்த்ததே அபூர்வம். ‘அப்படியானால் ரூபாய் ஏறினாலென்ன இறங்கினாலென்ன?’ என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். ஆனால் கஞ்சிக்கு உப்பு வேண்டுமே. பண்ணையார் களத்தில் அளந்து போட்ட நெல்லுக்கு லண்டன் சந்தையோடு நேர்த் தொடர்பு இல்லை. உப்புக்கு இருந்தது.

இன்னொரு பக்கம் பாருங்கள். அதே சரிவு வெள்ளை அதிகாரிகளையும் தொட்டது. சம்பளம் ரூபாயில், குடும்பமும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் இங்கிலாந்தில். ஊருக்கு அனுப்பும் பணம் சுருங்கியது. அவர்கள் மனு மேல் மனு போட்டார்கள். 1893இல் அரசு இரங்கியது. ஐரோப்பிய அதிகாரிகளுக்குச் செலாவணி ஈட்டுப்படி என்று ஒன்றை ஏற்படுத்தியது. சம்பளத்தில் பாதியை ரூபாய்க்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்ற சலுகைக் கணக்கில் அனுப்பிக்கொண்டது போல் ஆக்கி, வித்தியாசத்தை இந்திய கஜானாவிலிருந்து கொடுத்தார்கள். மாவட்டக் கலெக்டருக்கு ரூபாய் விழுந்தால் நட்டஈடு. உப்பு வாங்கிய பெண்ணுக்கு அதே ஆண்டுகளில் கூடுதல் வரி.

தமிழ்நாட்டிலிருந்து காசுக்கூலி தேடிப் போன நம் மக்களில் பெரும் பகுதி இலங்கைத் தோட்டங்களுக்குப் போனது. திருச்சி, சேலம், மதுரை, தஞ்சை, புதுக்கோட்டை, ராமநாதபுரம் பகுதிகளிலிருந்து கங்காணியின் பின்னால் நடந்து போனவர்களில் பறையர், பள்ளர், அருந்ததியர் மிகுதி. இலங்கையிலும் இந்திய ரூபாய்தான் செல்லுபடியானது. 1872இலிருந்து அங்கே அதை நூறு சதமாகப் பிரித்தார்கள், அணா பைசா இல்லை. காப்பிச் செடி பூஞ்சை நோயில் அழிந்து தேயிலை வந்த காலமும், ரூபாய் விழுந்த காலமும் ஒன்று.

தோட்டத் துரையின் கணக்கை நாமே போட்டுப் பார்ப்போம். அவர் தேயிலையை லண்டனில் விற்கிறார். ஒரு பவுண்டு வருகிறது. முன்பு அதை மாற்றினால் பத்து ரூபாய். இப்போது பதினாறு. லயத்தில் இருப்பவர்களுக்குக் கொடுக்கும் கூலி ரூபாயிலும் சதத்திலும். அது பல ஆண்டுகள் கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நின்றது. அரிசியைத் தோட்டத்திலேயே கொடுத்து, விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். கங்காணியிடம் பெற்ற முன்பணமும் ‘துண்டு’க் கடனும் கழுத்தில். வேறு தோட்டத்துக்குப் போய்க் கூடுதல் கூலி கேட்க வேண்டுமென்றால் அந்தக் கடனை அடைத்திருக்க வேண்டும். ஆக, பத்துக்கும் பதினாறுக்கும் நடுவிலிருந்த ஆறு ரூபாயில் கூலியாளுக்குப் போய்ச் சேர்ந்தது மிகக் கொஞ்சம். அசாம் தேயிலையிலும் இதே கணக்குதான். அதனால்தான் ரூபாய் விழுந்தபோது தோட்டக்காரர்கள் வாய் திறக்கவில்லை, அது மறுபடி ஏறியபோது கூச்சல் போட்டார்கள்.

அண்ணல் அம்பேத்கர் கைவைத்தது சரியாக இந்த இடத்தில். ரூபாய் விழுந்தால் ஏற்றுமதி பெருகும், நாடு செழிக்கும் என்று அன்றைக்கும் ஒரு வாதம் இருந்தது. இன்றைக்கும் நிபுணர்கள் அதைச் சொல்வதைக் கேட்கிறோம். 1923இல் லண்டனில் வெளியான ‘ரூபாயின் பிரச்சினை’ நூலில் அவர் அதை மடக்குகிறார். ஏற்றுமதியாளருக்கு வந்த கூடுதல் லாபம் வெளிநாட்டானிடமிருந்து வந்ததல்ல என்கிறார். விலைவாசி ஏறுகிறது, கூலி பின்தங்குகிறது. அந்த இடைவெளிதான் லாபம். நாட்டுக்குள்ளேயே ஒரு வர்க்கத்தின் பையிலிருந்து இன்னொரு வர்க்கத்தின் பைக்குப் போன பணத்தை ‘தேசத்தின் ஆதாயம்’ என்று எப்படி எழுதுவது? அவர் தோட்டத் தொழிலாளரைப் பற்றித் தனியாக எழுதவில்லை. ஆனால் அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது நமக்கு நுவரெலியாவும் ஹட்டனும்தான் கண்ணில் வருகின்றன.

கதை அங்கே நிற்கவில்லை. 1893 ஜூன் 26 அன்று அரசு நாணயச் சாலைகளின் கதவைச் சாத்தியது. இனிப் பொதுமக்கள் வெள்ளி கொண்டுவந்து ரூபாய் அடிக்க முடியாது. ரூபாயைத் தட்டுப்பாடாக்கி அதன் விலையை ஏற்றுவது திட்டம். ஹெர்ஷல் பிரபு தலைமையிலான குழு சொன்ன யோசனை. ஐந்து ஆண்டுகள் பிடித்தது. 1898 வாக்கில் ரூபாய் 1 ஷில்லிங் 4 பென்ஸ் என்ற இலக்கைத் தொட்டது. பவுண்டுக்குப் பதினைந்து ரூபாய். அரசுக்கு நிம்மதி.

இதற்குள் ஒளிந்திருந்த கொடுமையை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். ஏழையின் வங்கி அவர் உடம்பிலேயே இருந்தது. காலில் தண்டை, கையில் காப்பு, இடுப்பில் வெள்ளி அரைஞாண். 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்திலும் பம்பாய் மாகாணத்திலும் லட்சக்கணக்கானோர் செத்தார்கள். அப்போது விற்கப்பட்ட நகைகள் வியாபாரிகள் வழியாக உருகி நாணயச் சாலைக்குப் போய் ரூபாயாகின. இடையில் அடித்தவன் அடித்தான், ஆனாலும் வெள்ளிக்கும் ரூபாய்க்கும் ஒரு கயிறு கட்டியிருந்தது. 1893 அந்தக் கயிற்றை அறுத்துவிட்டது. 1896–97லும் 1899–1900லும் பெரும் பஞ்சங்கள் வந்தன. இப்போது வெள்ளி வெறும் உலோகம், ரூபாயோ அரசு ஏற்றிவைத்த விலையில் நிற்கிறது. வீட்டில் இருந்த அதே எடைக் காப்புக்கு முன்பைவிடக் குறைந்த ரூபாய்தான் கிடைத்தது. நில வரியையும் வட்டியையும் மட்டும் அந்த விலையேறிய ரூபாயில் கட்ட வேண்டும்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ரூபாய் விழுந்தாலும் நம்மவர்க்கு அடி, ஏறினாலும் அடி என்று மேலே எழுதியிருக்கிறோம். முரணாகப் படலாம். கடன்பட்ட குடியானவருக்கு ரூபாய் மலிவது நல்லது, தானிய விலை ஏறிக் கடனை எளிதாகக் கட்டலாம். நிலமில்லாத கூலிக்கு அது கெடுதல், வாங்கித் தின்பவர் அவர். இரண்டு பேரையும் ‘ஏழை மக்கள்’ என்று ஒரே சாக்கில் கட்டினால் கணக்கு தப்பிவிடும். எந்த ஏழை, என்ன கூலி, எதில் கூலி என்று பிரித்துக் கேட்டுத்தான் தீர வேண்டும்.

முதல் உலகப் போர் எல்லாவற்றையும் தலைகீழாக்கியது. வெள்ளி விலை ஏறி, ரூபாயை உருக்கினால் அதன் முகமதிப்பைவிட அதிகம் கிடைக்கும் நிலை வந்தது. நாணயம் மறைந்தது. 1917இல் ஒரு ரூபாய் நோட்டு அச்சடித்தார்கள். 1918இல் அமெரிக்காவிடம் 20 கோடி அவுன்ஸ் வெள்ளி வாங்கினார்கள். அதே ஆண்டில் அரிசி விலை எகிறி சென்னையில் தானியக் கடைகள் சூறையாடப்பட்டன. பின்னாலேயே விஷக் காய்ச்சல் வந்தது.

போர் முடிந்ததும் பாபிங்டன் ஸ்மித் குழு ரூபாயை 2 ஷில்லிங் தங்க மதிப்பில் நிறுத்தச் சொன்னது. குழுவில் இருந்த ஒரே இந்தியர் தாதிபா தலால். அவர் வேண்டாம், பழைய 1 ஷில்லிங் 4 பென்ஸே போதும் என்று தனிக் குறிப்பு எழுதினார். கேட்கவில்லை. 1920 பிப்ரவரியில் 2 ஷில்லிங் 8 பென்ஸுக்கும் மேல் பறந்த ரூபாய் பிறகு மளமளவென்று விழுந்தது. அரசு தாங்கிப் பிடிக்கிறேன் என்று லண்டனில் வைத்திருந்த இந்தியப் பணத்திலிருந்து 5 கோடியே 50 லட்சம் பவுண்டு அளவுக்கு மலிவு விலையில் விற்றது. யார் வாங்கினார்கள்? கையில் ரூபாய் குவித்து வைத்திருந்தவர்கள், போர்க்கால லாபத்தை ஊருக்கு அனுப்பக் காத்திருந்த கம்பெனிகள். செப்டம்பரில் அரசு கையை விரித்தது. 1921இல் ரூபாய் 1 ஷில்லிங் 4 பென்ஸுக்கும் கீழே கிடந்தது.

அந்த 1920 ஜூலையில்தான் அம்பேத்கர் இரண்டாம் முறையாக லண்டன் போய்ச் சேர்கிறார். சிடனாம் கல்லூரியில் ஆசிரியராக இருந்து மிச்சம் பிடித்த ரூபாய், நண்பர் நவல் பதேனாவிடம் கடன், கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவி. எல்லாமே ரூபாய். 1,500 ரூபாய் வைத்திருக்கும் ஒரு மாணவருக்கு 2 ஷில்லிங் கணக்கில் 150 பவுண்டு கிடைக்கும். 1 ஷில்லிங் 4 பென்ஸ் கணக்கில் 100 பவுண்டு. அரைவயிறு உணவோடு நூலகத்தில் நாள் முழுக்க உட்கார்ந்த அந்த ஆராய்ச்சி மாணவர் எடுத்துக்கொண்ட தலைப்பு ரூபாய். நமக்கு இதில் வியப்பில்லை.

லண்டன் பல்கலைக்கழகம் முதலில் ஆய்வைத் திருத்தி எழுதச் சொன்னது. திருத்திக் கொடுத்து 1923இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். நூலுக்கு முன்னுரை எழுதியவர் அவருடைய ஆசிரியர் எட்வின் கேனன். மாணவரோடு தனக்கு உடன்பாடில்லாத இடங்களையும் ஆசிரியர் அதிலேயே சொல்கிறார். நல்ல மரபு. நூலின் எதிராளிகளில் ஒருவர் ஜான் மேனார்ட் கெய்ன்ஸ். இந்தியாவின் தங்கப் பரிமாற்ற முறையைப் புகழ்ந்து 1913இல் புத்தகம் எழுதியவர். ரூபாயை லண்டனில் பவுண்டோடு கட்டி வைத்தால் போதும் என்பது அந்த முறை. அம்பேத்கரின் மறுப்பு இதுதான்: பவுண்டோடு ரூபாய் நிலையாக நிற்கிறதா என்பது இரண்டாவது கேள்வி. உள்ளூர்ச் சந்தையில் ரூபாயின் வாங்கும் சக்தி நிலையாக நிற்கிறதா என்பது முதல் கேள்வி. ஆட்சியாளர் விருப்பம்போல் ரூபாய் அடித்துத் தள்ள முடிகிற எந்த முறையிலும் அது நிற்காது. அவர் கேட்டது, ரூபாய் அடிப்பதை அரசும் அடியோடு நிறுத்த வேண்டும், தங்க நாணயம் புழங்க வேண்டும் என்பது. இன்று எந்த நாடும் தங்கத்தின் மேல் இல்லை. அவருடைய தீர்வை நாம் அப்படியே தூக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. கேள்வி மட்டும் பழையதாகவில்லை.

1925 டிசம்பரில் ஹில்டன் யங் கமிஷன் முன் சாட்சி சொன்னபோதும் அதே கேள்விதான். நாடு அப்போது இரண்டு கட்சியாக நின்றது. ரூபாய்க்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்றது அரசு. 1 ஷில்லிங் 4 பென்ஸ்தான் வேண்டும் என்றார்கள் பம்பாய் ஆலை முதலாளிகள். அது தேசபக்தியின் அடையாளமாகவே ஆனது. வித்தியாசம் எட்டில் ஒரு பங்கு. குறைந்த விகிதத்தால் தொழில் நடத்துபவர்களுக்கு ஆதாயம், கூலியும் சம்பளமும் வாங்குபவர்களுக்கு நட்டம் என்று அம்பேத்கர் பிரித்துக் காட்டினார். கமிஷன் 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்றே சொன்னது. புருஷோத்தம்தாஸ் தாகூர்தாஸ் மறுப்புக் குறிப்பு எழுதினார். 1927இல் சட்டமானது. பவுண்டுக்கு 13 ரூபாய் 5 அணா 4 பை.

கூலிக்காரர் ஜெயித்துவிட்டாரா என்றால் இல்லை. ரூபாய் ஏறியதால் ஜப்பான் துணி மலிவாக வருகிறது, எங்களால் தாங்க முடியவில்லை என்று சொன்ன அதே ஆலை முதலாளிகள் 1925இலேயே கூலியில் பதினொன்றரை சதவீதம் வெட்டப் பார்த்தார்கள். மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் நடந்து, பருத்தித் துணி மீதான உற்பத்தி வரியை அரசு நீக்கிய பிறகே வெட்டு கைவிடப்பட்டது. அந்த ஆலைகளில் தலித் தொழிலாளருக்கு நல்ல கூலி தரும் நெசவுப் பிரிவில் இடமில்லை. அறுந்த நூலை வாயால் உறிஞ்சி எடுக்க வேண்டும், தீட்டு என்று காரணம் சொன்னார்கள். சொன்னவர்கள் முதலாளிகள் மட்டுமல்ல, பக்கத்துத் தறியில் நின்ற சாதி இந்துத் தொழிலாளர்களும்தான். ஆக, கூலிவெட்டு எல்லோருக்கும் பொது, கூலி உயர்ந்த தறி மட்டும் சிலருக்கு. செலாவணி விகிதம் எதுவானாலும் இந்தச் சுவர் அதே இடத்தில் நின்றது. 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் தொழிற்சங்கத் தலைவர்களிடம் இதை நேருக்கு நேர் கேட்டார்.

இந்த இடத்தில் நம் தோழர்களிடம் ஒரு வேண்டுகோள். ‘ரிசர்வ் வங்கியை நிறுவியவர் அம்பேத்கர்’ என்று படம் போட்டுப் பகிர்கிறோம். மத்திய வங்கி வேண்டும் என்று ஹில்டன் யங் கமிஷன் பரிந்துரைத்தது. அந்தக் கமிஷன் முன் சாட்சி சொன்ன பலரில் அவரும் ஒருவர். 1934இல் சட்டம் வந்து 1935 ஏப்ரல் 1 அன்று வங்கி தொடங்கியது. பவுண்டோடு ரூபாயைக் கட்டிப்போடும் முறையையே எதிர்த்தவர் அவர். அந்த முறையைக் காப்பாற்றும் வேலையோடு தொடங்கிய வங்கியை அவர் தலையில் கட்டுவது அவருக்குப் பெருமை சேர்க்குமா? முப்பது வயதைக் கடந்து சில ஆண்டுகளே ஆன ஒரு மகார் இளைஞர் பேரரசின் நாணயக் கொள்கையை அதன் தலைநகரிலேயே உட்கார்ந்து பிய்த்துப் போட்டார் என்பது உண்மை. அது போதாதா நமக்கு?

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1931இல் பிரிட்டன் தங்கத்தைக் கைவிட்டபோதும் ரூபாய் அதே 1 ஷில்லிங் 6 பென்ஸில் பவுண்டோடு கட்டப்பட்டது. விவசாய விளைபொருளின் விலை பாதியாகச் சரிந்த காலம் அது. கடன்பட்ட குடும்பங்கள் விற்ற தங்கம் கப்பல் கப்பலாக வெளியேறியது. 1949இல் பவுண்டு விழுந்தபோது ரூபாயும் கூடவே விழுந்தது, ஆகவே பவுண்டுக்கு 13 ரூபாய் 5 அணா 4 பை என்பது சுதந்திரத்துக்குப் பிறகும் அப்படியே இருந்தது. 1966 ஜூன் 6 அன்றுதான் அது உடைந்தது. இரண்டு ஆண்டு வறட்சி, அமெரிக்கக் கோதுமைக்குக் கையேந்திய நேரம். டாலர் 4 ரூபாய் 76 காசிலிருந்து 7 ரூபாய் 50 காசானது. பவுண்டு 21 ரூபாய். காங்கிரஸ் தலைவராக இருந்த காமராஜரே இதை எதிர்த்தார். 1975 செப்டம்பரில் ரூபாய் பவுண்டிலிருந்து முழுதாக அவிழ்க்கப்பட்டது.

தம்பி கேட்ட கேள்விக்கு நம் வட்டம் இனி நூலிலிருந்தே பதில் தேடப் போகிறது. அடுத்த கூட்டத்தில் ‘ரூபாயின் பிரச்சினை’ மூன்றாம் அத்தியாயத்தை எடுத்துக்கொள்கிறோம். வெள்ளி நிலையில்லாமல் ஆடியதால் யாருக்கு என்ன நேர்ந்தது என்பது அதில்தான் வருகிறது. முதல் இரண்டு அத்தியாயங்களையும் பிறகு படித்துக்கொள்ளலாம். வரும்போது ஒரு தாளில் பென்ஸ், ஷில்லிங், பவுண்டு வாய்ப்பாட்டை எழுதி எடுத்து வாருங்கள். இன்னொரு தாளில், உங்கள் வீட்டில் யாராவது தோட்டத்துக்கோ ஆலைக்கோ வளைகுடாவுக்கோ போயிருந்தால், என்ன கூலி, எந்தக் காசில், ஊருக்கு எவ்வளவு அனுப்பினார்கள் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வாருங்கள். ஆயா இருந்தால் ஆயாவிடம் முதலில் கேளுங்கள்.